கொங்கு நாட்டில் நீர் மேலாண்மை முதுநிலைக் கல்வி

நீர் மேலாண்மை முதுநிலைக் கல்வி என்பது மழைநீர், ஆற்றுநீர், நிலத்தடி நீர் ஆகியவற்றை அளந்து, பங்கிட்டு, வருங்காலத்திற்கும் குறையாதவாறு பயன்படுத்தும் முறைகளை இளநிலைப் பட்டத்திற்குப் பின் கற்பிக்கும் படிப்பாகும். தமிழ்நாட்டில் இதனை வழங்கும் நிறுவனங்களுள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையமும், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குறிப்பிடத்தக்கவை. முன்னது நீரியல், பாசன நீர் மேலாண்மை, ஒருங்கிணைந்த நீர்வள மேலாண்மை ஆகியவற்றைப் பொறியியல் நோக்கில் அணுகுகிறது. பின்னது பயிரிலிருந்தும் மண்ணிலிருந்தும் தொடங்குகிறது.

வரலாறு

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் நிறுவப்பட்ட வேளாண்மைப் பள்ளியாகும். அது 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வேளாண்மைப் பொறியியல் பட்டப்படிப்பு 1972-இல் தொடங்கியது. மண், நீர்ப் பாதுகாப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் இங்கு வழங்கப்படுகின்றன. இவற்றுடன் நீர்நுட்ப மையம் என்னும் ஆய்வு அமைப்பும் வளாகத்தில் உள்ளது. முதுநிலைப் படிப்பின் காலம் இரண்டு ஆண்டுகள். பாடங்களை முடித்தபின் மாணவர் ஓர் ஆய்வேடு அளிக்க வேண்டும்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி, 1955-இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட நீர்வள மேம்பாட்டுப் பயிற்சி மையம் ஆகும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பன்னாட்டு மாணவர்க்கான நீரியல் பொறியியல் படிப்பு 1957-இல் தொடங்கியது. அக்காலத்தில் அணை கட்டுவதே கல்வியின் மையமாக இருந்தது. "நிலைத்த" என்னும் அடைமொழி 1987-ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் அறிக்கைக்கும், 1992-இல் டப்ளினில் நடந்த நீர் மாநாட்டிற்கும் பின்னரே பாடத்திட்டங்களில் பரவியது.

களம்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. கோயம்புத்தூரின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ.; மாநிலச் சராசரியோ 900 மி.மீ.க்கு மேல். நிலத்தின் அடியில் கடினப் பாறை இருப்பதால், நீர் சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. கவலை ஏற்றத்தால் இறைத்த காலத்தில் கிணற்றின் ஊற்றே இறைப்பிற்கு எல்லையாக இருந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மின்மோட்டார்கள் பெருகின. கோயம்புத்தூர் அவற்றைச் செய்யும் நகராகவும் ஆனது. தான் செய்த இயந்திரத்தாலேயே தன் கிணறுகளை வற்றச் செய்த வட்டாரம் என்று இதனைக் கூறுவது மிகையாகாது. கிணறு வற்றிய இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. அதன் ஆழமும் ஆண்டுதோறும் கூடியது.

கீழ்பவானி வாய்க்கால்

நீர்க்கணக்கு என்னும் பாடத்தை விளக்குவதற்குக் கீழ்பவானி வாய்க்காலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1955-இல் முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. செல்லும் இவ்வாய்க்கால், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கிறது. ஒற்றைப்படை மதகுகளும் இரட்டைப்படை மதகுகளும் முறை வைத்து நீர் பெறுகின்றன. ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் நீர் விடப்படும்.

வாய்க்கால் மண்ணால் அமைந்தது. ஆகவே வழியில் நீர் கசிகிறது. இதனைத் தடுக்கக் கான்கிரீட் தளம் இட வேண்டும் என்று ஒரு சாராரும், இடக்கூடாது என்று மற்றொரு சாராரும் 2020-களில் போராடினர். இரு தரப்பினரும் அதே வாய்க்காலின் உழவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

கற்பனையாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 100 பங்கு நீர் திறக்கப்படுகிறது; 40 பங்கு கசிந்து, 60 பங்கு வயலை அடைகிறது. வாய்க்காலின் திறன் 60 விழுக்காடு. ஆனால் கசிந்த 40-இல் 30 பங்கு அருகிலுள்ள கிணறுகளில் ஊறி மீண்டும் பாசனத்திற்கு இறைக்கப்பட்டால், வட்டாரம் முழுவதற்குமான இழப்பு 10 பங்கே. தளம் இட்டுக் கசிவை 10 பங்காகக் குறைத்தால் 90 பங்கு வயலை அடையும். கிணறுகள் தாம் பெற்ற நீரில் பெரும்பகுதியை இழக்கும். புதிய நீர் பிறக்கவில்லை, பெரும்பகுதி கைமாறியுள்ளது. கடைமடை உழவருக்கு இது நீதி. கசிவுநீரை நம்பிய கிணற்று உழவருக்கும், அக்கிணறுகளைக் குடிநீருக்கு நம்பிய ஊருக்கும் இது பேரிழப்பு. கரை உடைப்பு, நீர்தேக்கம், இறைப்பதற்கான மின்செலவு ஆகியவையும் கணக்கில் சேர வேண்டும். கசிவு எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதை அளக்காமல் இரு தரப்பிற்கும் விடை கூற இயலாது. முதுநிலை மாணவர் பெறவேண்டிய பயிற்சி இந்த அளவீடே ஆகும்.

சொட்டுநீர்ப் பாசனத்திற்கும் இதே கேள்வி பொருந்தும். செடிக்குச் செலவாகும் நீர் குறைந்தாலும், மிச்சமான நீரில் உழவர் கூடுதல் நிலத்தைப் பயிரிட்டால் நிலத்தடி நீர்மட்டம் உயராது.

நொய்யல்

நீரின் அளவை மட்டும் கற்றால் போதாது என்பதை நொய்யல் காட்டியது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் காவிரியில் கலக்கும் இவ்வாற்றின் குறுக்கே, 1990-களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்காகக் கட்டப்பட்டது. விரைவில் அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை உண்டானது. பருத்தியில் சாயம் பற்றுவதற்கு மிகுதியான உப்பு சேர்க்கப்படுகிறது. நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு கரிமப் பொருளை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. எனவே தொடக்கத்தில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்தும் உப்பு ஆற்றை அடைந்து, கிணறுகளையும் மண்ணையும் கெடுத்தது. கழிவு சிறிதும் வெளியேறக் கூடாது என்பதை உயர்நீதிமன்றம் வலியுறுத்தியது. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கி ஆகிய முறைகளுடன் பட்டறைகள் மீண்டும் இயங்கின. பிரித்தெடுத்த உப்புக் கசடை என்ன செய்வது என்பது இன்றும் ஆய்வுப் பொருளாகவே உள்ளது.

பாடமொழி

பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. மதகடியில் பேசப்படுவதோ மடை, முறைநீர், கடைமடை, கசிவுநீர் என்னும் சொற்கள். இவற்றை அறியாத ஆய்வாளரால் ஓர் ஊரின் நீர்ப்பங்கீட்டை விளங்கிக்கொள்ள இயலாது. பாடத்திட்டங்கள் இதற்குத் தரும் இடம் குறைவு.

வேலைவாய்ப்பும் ஆய்வும்

பட்டம் பெற்றோர் நீர்வளத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, நுண்ணீர்ப் பாசன நிறுவனங்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் முதலியவற்றில் பணிபுரிகின்றனர். 2024 ஆகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டம் புதிய ஆய்வுக் களமாக அமைந்துள்ளது. காலிங்கராயன் அணைக்கட்டின் கீழே கிடைக்கும் பவானியின் உபரி நீரில் 1.5 டி.எம்.சி. (150 கோடி கன அடி) குழாய்வழியே ஏற்றப்பட்டு, 1045 குளம் குட்டைகளுக்கு அனுப்பப்படுகிறது. குளத்தில் விடும் நீரில் எத்தனை பங்கு பாறை வெடிப்புகளை அடைகிறது, எத்தனை பங்கு வெயிலில் ஆவியாகிறது என்பது குளத்திற்குக் குளம் மாறுபடும்.