நூற்குற்றமும் வலைத்தளக் குற்றமும்

ஒரு நூல் எழுதப்பெற்றமை வேறு. அது கற்பார் கைக்கு எட்டுதல் வேறு. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைப் படியெடுப்போர் குறைத்தனர். அச்சுக் காலத்தில் நூலகப் பட்டியல் அப்பணியைச் செய்தது. இன்று அதிற் பெரும்பகுதி தேடுபொறியின்பாற் சென்று சேர்ந்துள்ளது. மாணவர் ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடுகின்றார். முதற்கண் தோன்றும் சில பக்கங்களை நோக்குகின்றார். அவற்றுள் இல்லாததனை உலகிலேயே இல்லாததாகக் கொண்டுவிடுகின்றார். ஆகலின், ஒரு வலைத்தளம் தேடுபொறியின் வரிசையிற் பின்தள்ளப்படுதற்குரிய காரணங்களை ஆராய்தல் வணிகர்க்கு மட்டுமே உரியதன்று; தமிழாய்வார்க்கும் உரியதே. அக்காரணங்களை ஈண்டு வகுத்துக் காண்போம்.

தேடுபொறியின் இயல்பு

தேடுபொறியின் தொழில் மூவகைப்படும். இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று படித்தல் ஒன்று. படித்தவற்றைச் சொல்லடைவாகத் தொகுத்தல் மற்றொன்று. வினவுவோர்க்கு ஏற்ற முறையில் அவற்றை வரிசைப்படுத்தல் பிறிதொன்று. முதலிரண்டில் இடம்பெறாத பக்கம் மூன்றாவதில் இடம்பெறுதல் அரிது.

வரிசைப்படுத்தும் முறைக்கு வழிகாட்டிய கட்டுரை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய் இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் என்னும் இருவரால் 1998-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பினை அவர்கள் மேற்கோளாகக் கொண்டனர். உரையாசிரியர் பலரால் எடுத்தாளப்படும் நூலை நாம் மதிக்கின்றோம். மதிப்புமிக்க உரையாசிரியர் எடுத்தாளின் மேலும் மதிக்கின்றோம். இந்நெறியே கூகுள் தேடுபொறிக்கு அடிப்படையாயிற்று. பின்னர் வேறு பல அளவைகளும் அதனோடு சேர்ந்தன.

வஞ்சத்தால் வரும் குற்றங்கள்

நன்னூலார் நூற்குற்றம் பத்து என எண்ணினார். அவர் வலைத்தளத்தைக் கருதி உரைத்தார் என்பது நகைப்பிற்கு இடமாகும். ஆயினும், வாசிப்போரைப் பொருட்படுத்தாத எழுத்து எக்காலத்தும் ஒரே வகையான பிழைகளில் வீழ்கின்றது என்பது ஒப்புநோக்கின் விளங்கும்.

கூறியது கூறல் அவற்றுள் ஒன்று. ஒரு சொல் மிகுதியாக வரின் தேடுபொறி அப்பக்கத்தை உயர்த்தும் என எண்ணி, அச்சொல்லையே அடுக்கிச் செல்வாரும், வெண்மையான பக்கத்தில் வெண்ணிற எழுத்தால் அதனை மறைத்து வைப்பாரும் உளர். இவ்விரண்டும் இன்று தண்டனைக்கு உரியன. பக்கத்தின் தலைப்பகுதியில் வாசிப்போர்க்குப் புலப்படாது இடப்படும் திறவுச்சொற் பட்டியலைத் தரவரிசைக்குத் தாம் கொள்வதில்லை எனக் கூகுள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

பொறிக்கு ஒரு பக்கமும் மாந்தர்க்கு வேறொரு பக்கமும் காட்டுதல் இதனினும் பெரிய குற்றம். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம் கூகுளின் தொகுப்பினின்று நீக்கப்பெற்றது. பழைய கார்களைக் குறிக்கும் சொல் செறிந்த வாயிற்பக்கங்களைப் பொறிக்குக் காட்டி, வருவோரை வேறு பக்கத்திற்கு அனுப்பியமையே காரணம். அப்பக்கங்கள் அகற்றப்பட்ட பின்னரே அது மீண்டும் சேர்க்கப்பெற்றது.

பொய்ம்மேற்கோள் தேடுதல் மற்றொரு குற்றம். இணைப்பே மதிப்பிற்கு அளவாயின், அதனை விலைக்குக் கொள்வோரும் தோன்றுவர் அன்றோ? ஜே.சி. பென்னி என்னும் அமெரிக்க வணிக நிறுவனத்திற்கு, அதன் பொருள்களோடு தொடர்பே இல்லாத பல தளங்களிலிருந்து இணைப்புகள் இடப்பட்டிருந்தமையை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்த ஒரே மாலையில், வரவேற்பறைத் தட்டுமுட்டுப் பொருள்களுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம் 68-ஆம் இடத்திற்கு இறங்கியது. 2012 ஏப்ரலில் வெளிவந்த பெங்குவின் என்னும் மாற்றம் இவ்வகைத் தளங்களைப் பரவலாகத் தாழ்த்தியது.

நின்று பயனின்மைக்கும் இங்கு இடமுண்டு. பிறர் எழுதியவற்றைத் திரட்டியும், பொருளின்றிப் பக்கங்களைப் பெருக்கியும் நடந்த தளங்களை 2011-இல் பாண்டா என்னும் மாற்றம் பின்தள்ளியது. அமெரிக்கத் தேடல்களுள் நூற்றுக்கு 11.8 பங்கு அதனால் மாறுபட்டதாகக் கூகுள் தெரிவித்தது. 2024 மார்ச்சில் வகுக்கப்பெற்ற நெறிகள், பெருந்தொகையாக உருவாக்கப்படும் பயனில் பக்கங்களை, அவற்றை ஆக்கியது பொறியாயினும் மாந்தராயினும், குற்றமாகக் கொண்டன. நற்பெயர் பெற்ற தளமொன்று தன் துறைக்குத் தொடர்பில்லாத பிறர் பக்கங்களுக்கு இடங்கொடுத்து, அவை தன் பெயரால் உயர விடுதலும் அந்நெறிகளால் விலக்கப்பட்டது. இதனை மற்றொன்று விரித்தல் என்னலாம்.

சோர்வால் வரும் குற்றங்கள்

மேற்காட்டியவை வஞ்சத்தின் விளைவுகள். கல்வி நிறுவனங்கள் இவற்றில் வீழ்தல் குறைவு. ஆனால், வஞ்சகர் தண்டனையால் இழக்கும் இடத்தை நேர்மையாளர் சோர்வினால் இழக்கின்றனர்.

தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்கங்களின் முகவரியை மாற்றிவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிலையான வழி அமைக்காது விடுதல் முதலாவது. பல்லாண்டுகளாகப் பிறர் தந்த இணைப்புகள் அனைத்தும் அன்றே வெறுமையைச் சுட்டுவனவாகின்றன. இரண்டாவது, 1994 முதல் வழக்கில் உள்ள ரோபாட்ஸ் கோப்பினைக் கருதாது விடுதல். தளத்தை அமைக்குங்கால் பொறிகளைத் தடுக்கும் பொருட்டு இடப்படும் ஒரு சாய்கோடு பின்னர் நீக்கப்படாதாயின், முழுத் தளமும் அவை படித்தற்கு உரியதன்றாகிவிடும். மூன்றாவது, ஒரே பக்கத்தைப் பல முகவரிகளில் வைத்தல். இதற்குத் தண்டனை இல்லை எனினும் இணைப்பின் வலிமை சிதறும். முதன்மையான முகவரி இதுவெனச் சுட்டும் குறியீடு 2009 முதல் உண்டு. எல்லாப் பக்கத்திற்கும் ஒரே தலைப்பிடுதலும், கைப்பேசியிற் படிக்க இயலாதவாறு அமைத்தலும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கன.

தமிழ்ப் பக்கங்களுக்கு உரியன

தமிழுக்கென்றே சில இடர்ப்பாடுகள் உள்ளன. யூனிக்கோடு 1991-ஆம் ஆண்டிலேயே தமிழெழுத்துகளுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தளந்தோறும் வேறுபட்ட எழுத்துருக்கள் வழங்கின. அவற்றுள் பல, உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும் அப்பக்கம் தேடுபொறிக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலே. அவ்வாறு மாற்றப்பெறாது கிடக்கும் பக்கத்தைத் தமிழ்ச்சொல் இட்டுத் தேடின் காணல் இயலாது.

யூனிக்கோட்டில் எழுதியவிடத்தும் பிழை நேர்கின்றது. ஔகாரத்திற்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுதலும், துணைக்காலுக்கு மாறாக ரகரத்தை இடுதலும் காண்கின்றோம். கண் இவற்றைப் பொறுத்துக்கொள்ளும். பொறிக்கோ இவை வேறுவேறு எழுத்துகள். இனி, நூலைப் படமாக மட்டும் எடுத்து வைப்பாரும் பலர். படத்தினின்று எழுத்தறியும் கருவிகள் இன்று உள எனினும், மங்கிய தாளிலும், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட வடிவங்களிலும் அவை பிழைபடுதல் இயல்பு.

இவற்றால் விளையும் கேடு சிறிதன்று. பாடவேறுபாடு ஆராய்ந்து அறிஞர் பதிப்பித்த நூல் படமாக உறங்க, எவரோ பிழைமலியத் தட்டெழுதிய படி தேடலில் முன்னிற்கின்றது. மாணவர் அதனையே எடுத்தாள்வர். அவரைப் பார்த்துப் பிறரும் எடுத்தாள்வர். மேற்கோள் பெருகப் பெருக அப்படியின் இடம் மேலும் உயரும். நாளடைவில் பிழையே பாடமாக நிலைபெறும். சுவடிகளில் இடைச்செருகல் புகுந்த வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிதன்று. விரைவு ஒன்றே புதிது.

ஆதலின், நூல்களை வலையேற்றும் துறையினர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் தம் பக்கங்களினின்று சில தொடர்களை எடுத்துத் தேடிப் பார்த்தல் வேண்டும். தம் பதிப்பு தோன்றாதாயின், மேற்கூறியவற்றுள் எது காரணம் என ஒவ்வொன்றாக ஆய்ந்து களைதல் வேண்டும். இதற்குத் தேவைப்படும் பொருட்செலவு பெரிதன்று. படி ஒப்புநோக்குவார்க்கு வேண்டிய பொறுமையே இதற்கும் வேண்டுவதாம்.