ஏலக்காய்ச் சந்தையில் செயற்கை நுண்ணறிவு: நமக்கு என்ன பயன், எதில் கவனம்?

பாயசத்தில் நீங்கள் தட்டிப் போடும் இரண்டு ஏலக்காய், உங்கள் சமையலறைக்கு வருவதற்குள் எத்தனை பேரிடம் கைமாறுகிறது தெரியுமா? பறிப்பவர், உலர்த்துபவர், தரம் பிரிப்பவர், ஏல நிறுவனம், வியாபாரி, லாரிக்காரர், மொத்தக் கடைக்காரர், சில்லறைக் கடைக்காரர் என்று குறைந்தது ஏழெட்டுப் பேர். இந்த முழுப் பாதைக்கும் 'விநியோகச் சங்கிலி' என்று பெயர். இதில் ஒரு கண்ணி இழுத்துக்கொண்டால் விவசாயிக்கு விலை கிடைக்காது, அல்லது நமக்கு விலை கட்டுப்படியாகாது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இப்போது செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, மெல்ல நுழைந்து வருகிறது. அது என்ன செய்யும், எதைச் செய்யாது, ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் நாம் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் போடிநாயக்கனூர் ஏலக்காயை வைத்தே பார்ப்போம்.

மலையிலிருந்து ஏல மையத்துக்கு

தேனி மாவட்டத்தில் குரங்கணி, கொட்டக்குடி, அகமலை போன்ற மலைச்சரிவுகளில் ஏலக்காய் விளைகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பகுதிகளில்தான் விளைச்சல் அதிகம். அந்தத் தோட்டங்களுக்குக் காலையில் ஜீப்பில் ஏறிப் போகும் தொழிலாளர்களில் பலர் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் ஊர்க்காரர்கள். விளைந்த காயில் ஒரு பெரும்பகுதி தரம் பிரிக்கவும் விற்கவும் போடிக்கு இறங்குகிறது.

ஒரே செடியில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. அதனால் 30 முதல் 45 நாளுக்கு ஒரு சுற்று என்று பறிக்கிறார்கள். பச்சைக்காயில் சுமார் 80 சதவீதம் ஈரம் இருக்கும். அதை ஸ்டோரில் மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் உலர்த்தி, ஈரத்தை 10-12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் கிட்டத்தட்ட 1 கிலோதான் மிஞ்சும். சூடு கூடினால் பச்சை நிறம் போகும், ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் போச்சுன்னா விலையும் போச்சு!

அடுத்தது தரம். அக்மார்க் விதிப்படி, 'ஆலப்புழை கிரீன்' வகையில் 'எக்ஸ்ட்ரா போல்டு' என்றால் காய் குறைந்தது 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 'போல்டு' 6 மில்லிமீட்டர், 'சுப்பீரியர்' 5 மில்லிமீட்டர். ஒரு லிட்டர் அளவையில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதையும் பார்ப்பார்கள். போடியின் கிடங்குகளில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

மின்னணு ஏலம் வேறு, ஏஐ வேறு

இந்திய நறுமணப் பொருட்கள் வாரியம், அதாவது ஸ்பைசஸ் போர்டு, 2007-ல் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் ஏல மையங்கள் இருக்கின்றன. விவசாயி தன் காயை, உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். அது 'லாட்' ஆகப் பிரிக்கப்பட்டு, சாம்பிள் வியாபாரிகளுக்குக் காட்டப்படுகிறது. அவர்கள் கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். 2021-ல் இது கிளவுட் முறைக்கு மாறியதால், ஒரே ஏலத்தில் இரண்டு மையங்களிலிருந்தும் விலை கேட்க முடிகிறது.

இது ஏஐ-யா? இல்லை. பொத்தானை அழுத்துவது மனிதர்தான், கணினி வரிசைப்படுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். சொன்னதை மட்டும் செய்வது சாதாரண மென்பொருள். பழைய பதிவுகளைப் படித்து, அதில் ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்து, 'அடுத்து இப்படி நடக்கலாம்' என்று கணிப்பது ஏஐ.

ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. எத்தனை லாட் வந்தது, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று ஒவ்வொரு ஏலமும் ஒரு பதிவை விட்டுச் செல்கிறது. அந்தப் பதிவுகள்தான் ஏஐ-க்குத் தீனி. பதிவு இல்லாத இடத்தில் ஏஐ வெறும் கைதான்.

சங்கிலியில் ஏஐ எங்கெல்லாம் உதவும்?

முதலாவது, தேவையைக் கணிப்பது. வளைகுடா நாடுகளில் 'கஹ்வா' என்னும் காபிக்கு ஏலக்காய் கட்டாயம். ரமலான் மாதத்தில் அங்கே தேவை கூடும். ஆனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 10-11 நாள் முன்னதாகவே வந்துவிடும். 2024-ல் மார்ச் இரண்டாவது வாரம் தொடங்கியது, 2025-ல் மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 'போன வருஷம் இந்த மாசம் இவ்வளவு போச்சு' என்று மட்டும் பார்க்கும் கணக்கு இங்கே தவறும். பிறை நாட்காட்டி, நம்ம ஊர் தீபாவளி, பறிப்புச் சுற்று, உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலாவின் நிலவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஏஐ உதவும்.

இரண்டாவது, தரம் பிரிப்பது. கேமரா பொருத்திய இயந்திரம் ஒவ்வொரு காயின் நிறம், அளவு, வடுவைப் பார்த்து ஒதுக்கும். 'இது நல்ல காய், இது வெடித்த காய்' என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அனுபவமுள்ள மனிதர்கள் பிரித்து வைத்த ஆயிரக்கணக்கான படங்கள்தான். போடிப் பெண்களின் கண்ணில் இருக்கும் அந்த அறிவுக்கு மதிப்பு இருக்கிறது. இயந்திரம் வரும் கிடங்குகளில் அதை மேற்பார்க்கவும் பிழை திருத்தவும் அவர்களுக்கே பயிற்சி கொடுப்பதுதான் நியாயம், தொழிலுக்கும் லாபம்.

மூன்றாவது, பூச்சியை முன்கூட்டியே அறிவது. இலைப்பேன் தாக்கிய காயில் சொரசொரப்பான வடு விழும், தரம் ஒரு படி இறங்கிவிடும். பூச்சியின் படத்தைப் பார்த்து அடையாளம் காணும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அது ஏஐ அடிப்படையில் இயங்குவது.

நான்காவது, போக்குவரத்து. போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடைமழையில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும். மழை எச்சரிக்கையையும் சாலை நிலவரத்தையும் சேர்த்துப் பார்த்து, 'இன்றைக்குக் குமுளி வழியாகப் போ' என்று சொல்லும் மென்பொருளை வைத்திருப்பவர் ஒரு நாளை மிச்சப்படுத்துவார்.

இதெல்லாம் வெறும் பேச்சு இல்லை என்பதற்கு வேறொரு மாநிலத்தில் சான்று உண்டு. தெலங்கானா அரசு, உலகப் பொருளாதார மன்றத்துடன் சேர்ந்து 'சாகு பாகு' என்ற திட்டத்தைக் கம்மம் மாவட்டத்தில் சுமார் 7,000 மிளகாய் விவசாயிகளிடம் சோதித்தது. போனில் சாகுபடி ஆலோசனை, மண் பரிசோதனை, ஏஐ மூலம் தரப் பரிசோதனை, வாங்குவோரோடு நேரடி இணைப்பு ஆகிய நான்கும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. ஏக்கருக்கு விளைச்சல் 21 சதவீதம் கூடியது, பூச்சிமருந்துப் பயன்பாடு 9 சதவீதம் குறைந்தது, விற்பனை விலை 8 சதவீதம் உயர்ந்தது என்று திட்ட அறிக்கை கூறுகிறது. கவனியுங்கள், நாலும் சேர்ந்துதான் பலன் தந்தது. தனியாக ஒரு செயலி மட்டும் தந்ததில்லை.

கணிப்பு எங்கே தவறும்?

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். இடுக்கித் தோட்டங்கள் பலத்த அடி வாங்கின. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. காய் வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதைப் பார்த்துக் கடன் வாங்கிப் புதுச்செடி நட்டவர்கள் பலர். பிறகு விலை சரிந்து, 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே போனது.

அதற்கு முந்தைய பல ஆண்டுப் பதிவுகளை மட்டும் படித்த எந்த இயந்திரமும் 7,000 ரூபாயை எதிர்பார்த்திருக்காது. அதற்கு முன் நடக்காத ஒன்றைப் பழைய கணக்கு சொல்லாது. அதேபோல, 2019-ஐ மட்டும் பார்த்துக் கற்ற இயந்திரம் 2022-ஐச் சொல்லியிருக்காது. ஆகவே 'அடுத்த மாதம் விலை இவ்வளவு' என்று ஒரே எண்ணாகச் சொல்லும் செயலியைவிட, 'இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் இருக்கலாம், காரணம் இது' என்று சொல்வதையே நம்புங்கள். எந்தக் கணிப்பும் ஆலோசனைதான். முடிவு உங்களுடையது, ஏனென்றால் நஷ்டமும் உங்களுடையது.

தடம் தெரிந்தால்தான் நம்பிக்கை

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனை கூறியதே காரணம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் அந்த டின்கள் விற்க முடியாத நிலைக்குப் போய்விட்டன.

இதில் நமக்குள்ள பாடம் எளிது. பல தோட்டத்துக் காய் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால், எது யாருடையது என்று பின்னால் பிரிக்க முடியாது. ஒருவர் அதிகம் மருந்தடித்தால், அளவோடு அடித்த பத்துப் பேரின் காயும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும். எந்தத் தோட்டம், எந்தச் சுற்று, கடைசியாக என்ன மருந்து, எந்த ஸ்டோர் என்ற விவரம் லாட்டோடு சேர்ந்து பயணித்தால், பிரச்சினை வந்த லாட்டை மட்டும் ஏஐ நொடியில் ஒதுக்கிக் காட்டும். விவரம் எழுதப்படாமல் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த ஏஐ-யாலும் எதையும் சொல்ல முடியாது.

இன்றே உங்கள் போனில் செய்யக்கூடியவை

1. விலை பார்க்கும்போது சராசரியைப் பாருங்க. ஏல விலை ஸ்பைசஸ் போர்டு இணையதளத்தில் வெளியாகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது பெரும்பாலும் உச்ச விலை. அது அன்றைக்கு வந்த மிகச் சிறந்த லாட்டுக்குக் கிடைத்தது. உங்கள் காய்க்கு நெருக்கமானது சராசரி விலைதான். வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியைப் பதிவிறக்கம் செய்யுங்கள. மானியம், வானிலை, சந்தை விலை, பயிர் ஆலோசனை எல்லாம் தமிழிலேயே கிடைக்கும்.

3. பி.எம். கிசான் உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்கு, 2023-ல் தொடங்கிய 'கிசான் இ-மித்ரா' என்ற ஏஐ உரையாடல் சேவையில் தமிழில் கேட்கலாம். மனிதரிடமே பேச விரும்பினால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணம் இல்லை.

4. தோட்டக் குறிப்பு வையுங்கள். பறித்த தேதி, எடை, அடித்த மருந்தின் பெயர், அளவு, தேதி, ஸ்டோரில் வைத்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கடை ரசீதையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். நாளைக்கு ஏற்றுமதியாளர் கேட்டால் இதுதான் உங்கள் சாட்சி.

5. கடையில் வாங்குபவரா? பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஏலக்காய்க்குச் செயற்கை நிறம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். தண்ணீரில் போட்டதும் பச்சைச் சாயம் இறங்கினால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம்.

ஏமாறாமல் இருக்க

'எங்கள் ஏஐ நாளைய ஏல விலையைத் துல்லியமாகச் சொல்லும், பணம் கட்டுங்கள்' என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

புதிய செயலி எதுவானாலும், உங்கள் இருப்பிடம், தொடர்பு எண்கள், புகைப்படங்கள் எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையை 2023-ம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. அரசுத் துறைகள் ஏஐ-யைப் பயன்படுத்தும்போது அது பாதுகாப்பாகவும் பாரபட்சம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2020-லேயே தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

அடுத்த பறிப்புச் சுற்றுக்கு முன் ஒரு நோட்டு வாங்கி, அல்லது போனிலேயே ஒரு பக்கம் திறந்து, தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். ஏலக்காய்க்கு மட்டுமல்ல, மிளகு, காபி, திராட்சை, வாழை எதற்கும் இது பொருந்தும். ஏஐ உங்களுக்காக வேலை செய்ய வேண்டுமென்றால், உங்கள் தோட்டத்தின் கணக்கு முதலில் உங்களிடம் இருக்க வேண்டும்.