பாம்பன் காற்றில் ஒரு கீபோர்டு

முதலில் ஒரே ஒரு கட்டைதான் மக்கர் செய்யும். மெதுவாகத் தொட்டால் ஊமையாகக் கிடக்கும். கொஞ்சம் அழுத்தினால் திடுக்கென்று உச்சக் குரலில் அலறும். சில வாரங்களில் பக்கத்துக் கட்டைக்கும் அதே நோய் தொற்றும். தங்கச்சிமடத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவாக இருக்கட்டும், மண்டபத்துப் பக்கம் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் குழுவாக இருக்கட்டும், கீபோர்டு வைத்திருப்பவர் மனத்தில் இந்தக் கட்டத்தில்தான் அந்தக் கேள்வி எழும்: பழசைத் தள்ளிவிட்டுப் புது மாடல் வாங்கிவிடலாமா?

விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் வரை போகிறது. மீன்பாடு நன்றாக இருந்த ஆண்டில் ஊர் கூடி வரி போட்டு வாங்கும் கருவி என்றால் அந்தப் பணத்தின் கனம் இன்னும் கூடும். ஆகவே இந்தக் கேள்விக்கு விளம்பரப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில் அந்தப் பதில் காற்றிலிருந்து தொடங்குகிறது.

இந்தக் காற்றின் குணத்தை அறிவியல் உலகம் நன்கு அறியும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் முகாமில் அரிமானச் சோதனை நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளைச் சட்டங்களில் சாய்த்து மாட்டிக் கடற்காற்றில் விட்டுவைப்பார்கள். மாதங்கள் கழித்துத் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகடு எவ்வளவு எடை குறைந்திருக்கிறது என்று நிறுப்பார்கள். உலோகத்தைக் காற்று தின்பதை அளக்க நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடங்கள் குறைவு. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இந்தக் காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. அரிமானத்தால் பலவீனப்பட்டதால் 2022 டிசம்பரில் அதன் மீது ரயில்கள் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. எஃகுப் பாலத்துக்கே இந்த நிலை. கீபோர்டுக்குள் இருக்கும் செம்புக் கோடு தலைமுடியைப் போல மெல்லியது.

அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்றில் வீசுகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே இந்த உப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் பாம்பன் தீவில் உள்ளே போவதற்கு ஏது இடம்? கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்தும், வாடை வீசும் காலத்தில் பாக் நீரிணையிலிருந்தும் உப்பு வந்துகொண்டே இருக்கிறது. வந்து படிந்த உப்பு சும்மாவும் இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோற்றுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடுகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். அப்படியென்றால், கடலோர வீட்டில் ஒரு பொருளின் மீது படிந்த உப்புத் தூசி ஆண்டின் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரம் மின்சாரத்தையும் கடத்தும்.

இப்போது கீபோர்டைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் சிலிக்கான் ரப்பரால் ஆன ஒரு சிறு கூடாரம் இருக்கிறது. அதற்குள் இரண்டு கரிப்பொட்டுகள், ஒன்று சற்றுத் தாழ்வாக, இன்னொன்று சற்று உயரமாக. கட்டையை அழுத்தும்போது தாழ்ந்த பொட்டு முதலிலும், மற்றது அடுத்தும், கீழே உள்ள மின்தகட்டைத் தொடுகின்றன. இரண்டு தொடுதலுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவிக்குள் இருக்கும் சில்லு அளக்கிறது. மெல்லத் தொட்டால் அது சில பத்து மில்லி நொடிகள். ஓங்கி அடித்தால் ஒரு சில மில்லி நொடிகள். அந்த நேரத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக மாற்றி, அதற்கேற்ற பலத்தில் ஓசையை எழுப்புகிறது. கீபோர்டுக்கு விரலின் பலம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும்தான்.

செம்பில் களிம்பு ஏறுவதைச் செப்புக் குடம் புழங்கிய எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே களிம்பு இந்தத் தகட்டின் ஓரங்களில் பூத்து, முதல் பொட்டின் தொடுதல் பதிவாகாமல் போனால் என்ன ஆகும்? அளக்க நேரமே இல்லை. சில கருவிகள் அதை மிக வேகமான அடி என்று எடுத்துக்கொண்டு அலறுகின்றன. வேறு சில மௌனமாகிவிடுகின்றன. திருவிழா நடுவில் ஒரு கட்டை கத்துவதற்கும் அடுத்தது ஊமையாவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். மூளையாகிய சில்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மருந்தும் எளியது. ரப்பர் பட்டைகளைக் கழற்றி, கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் புழங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, தகட்டையும் கரிப்பொட்டுகளையும் இலேசாகத் துடைத்து உலரவிட்டால் பெரும்பாலான கட்டைகள் உயிர் பெறும். கரி தேய்ந்துபோயிருந்தால் ரப்பர் பட்டையை மட்டும் மாற்றலாம். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு, அடாப்டர் செருகும் இடத்தில் ஏற்படும் தடங்கல் ஆகியவையும் இதே குடும்பத்து நோய்கள்.

கவனிக்க வேண்டியது இது: இன்று கடையில் பெட்டி பிரிக்கப்படும் புது மாடலிலும், ஆரம்ப விலையிலிருந்து நடுத்தர விலை வரை, கட்டைக்கு அடியில் இருப்பது அதே ரப்பர், அதே கரிப்பொட்டு, அதே செம்பு. பழுதுக்கு அஞ்சிப் புதுசு வாங்குகிறவர், அடுத்த சில வாடைக் காலங்களுக்குள் அதே இடத்தில் வந்து நிற்கக்கூடும்.

சரி, புதியதில் என்னதான் கூடுகிறது?

ஒரு காலத்தில் நிறையக் கூடியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் ஓர் அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டிப் பார்த்தார். மணியோசையும் பித்தளைக் குழலோசையும் போன்ற ஒலிகள் பிறந்தன. அந்த முறையை உரிமம் பெற்று யமாஹா 1983-ல் கொண்டுவந்த டிஎக்ஸ்7 உலக இசையின் நிறத்தையே மாற்றியது. ஒரே நேரத்தில் அது எழுப்பக்கூடிய சுரங்கள் 16. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்தது இந்த அலையில்தான். 1988-ல் வந்த கோர்க் எம்1, உண்மையான வாத்தியங்களின் பதிவுகளை 4 மெகாபைட் நினைவகத்தில் அடைத்துத் தந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தின் அளவுதான் அது. அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே பாடல்களை உருவாக்கியது. அந்த ஆண்டுகளில் மாடல் மாற்றியவருக்குக் கையில் புது வாத்தியமே கிடைத்தது.

பிறகு ஏற்றம் மெதுவானது. காரணம் மனித உடல். விரல்கள் பத்து. ஒரு கட்டைக்கு இரண்டு ஓசை சேர்த்து, பெடலையும் மிதித்து, பின்னணியில் தானியங்கித் தாளத்தையும் ஓடவிட்டால் 32 குரல், அதாவது ஒரே நேரத்தில் 32 ஓசை, மட்டுமே உள்ள கருவி திணறும். முன்பு வாசித்த சுரம் பாதியில் அறுபடும். அது காதுக்குத் தெரியும் குறை. 64 குரலில் ஒரு பாடகர் குழுவுக்கு அந்தக் குறை அநேகமாகத் தீர்ந்துவிடுகிறது. 64-லிருந்து 128-க்குப் போவதைப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர் உணர்வது அரிது.

அதிலும் அந்தப் பந்தலில் ஒலி எதன் வழியாக வருகிறது? தென்னையிலும் கம்பத்திலும் கட்டிய புனல் ஒலிபெருக்கி வழியாக. தெரு முழுக்கப் பேச்சைக் கொண்டுசேர்க்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். 61 கட்டைக் கீபோர்டின் இடது ஓரக் கட்டை எழுப்பும் அடிப்படை அதிர்வு சுமார் 65 ஹெர்ட்ஸ். அது புனலைத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் கேட்பவருக்குச் சுரம் புரிகிறது. மேலே உள்ள 130, 195, 260 என்ற மடங்கு அதிர்வுகளில் தப்பி வந்தவற்றைக் கொண்டு மூளை விடுபட்ட அடிப்படையைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சுரம் தெரியும், கனம் தெரியாது. இப்படிப்பட்ட அமைப்பில் லட்ச ரூபாய்க் கருவியின் ஆழமான பியானோ ஓசையும் பழைய கருவியின் ஓசையும் நெருங்கிவிடுகின்றன. பல ஆரம்பநிலை கீபோர்டுகளின் உள் ஸ்பீக்கர் பக்கத்துக்கு 2.5 வாட்தான். ஆகவே கையில் இருக்கும் பணத்தை ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டியில் போட்டால், பழைய கீபோர்டே புதிதாகக் கேட்கும். கடலோரத் தேவாலயங்களுக்கும் கச்சேரிக் குழுக்களுக்கும் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: கமகம். கீபோர்டு ஓர் எண்மத்தைச் சமமாக 12 கூறுகளாக வெட்டுகிறது. எண்மம் 1200 சென்ட் என்றால் அதில் அந்தர காந்தாரம் 400-ல் நிற்கும். தம்புராவோடு இயல்பாக இழையும் காந்தாரம் 386-ல் இருக்கிறது. பயிற்சி பெற்ற காது இந்த 14 சென்ட் உறுத்தலை உடனே பிடித்துவிடும். சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் கமகமோ கட்டைகளால் ஆகவே ஆகாது. அதற்குத்தான் இடது கைச் சக்கரமான பிச் பெண்ட். வளைவை 16,384 நுண்படிகளாகப் பிரித்துச் சொல்லும் வசதி அதில் உண்டு. கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே.சத்யநாராயணன் கர்னாடக ராகங்களை வாசிப்பது அந்தச் சக்கரத்தின் துணையோடுதான். சக்கரமோ சுருதித் திருத்தமோ இல்லாத கருவியிலிருந்து இவை உள்ள கருவிக்கு மாறுவது, குறிப்பாகப் பக்திப் பாடல்கள் வாசிப்பவருக்கு, கொடுத்த காசுக்குத் தகும். தொடு உணர்வே இல்லாத சிறுவர் கீபோர்டில் பழகும் பிள்ளைக்கும் அப்படித்தான். பியானோவில் மேல்நிலைத் தேர்வு எழுதுகிறவருக்கு 88 கனமான கட்டைகள் தேவைப்படும். அது வேறு கருவி, வேறு கணக்கு.

புதிய ஓசைகள் மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு மிடி என்ற பொதுமொழி கைகொடுக்கும். அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்களைச் சேர்த்து 1983-ல் உருவாக்கிய அந்த மொழி இன்றும் மாறாமல் பேசப்படுகிறது. பத்து வருடப் பழைய யமாஹாவையோ கேசியோவையோ ஒரு யுஎஸ்பி கம்பியால் கைப்பேசியிலோ கணினியிலோ இணைத்தால், கட்டை பழையது, ஓசை புதியது. புளூடூத்தில் மட்டும் ஓசையை ஸ்பீக்கருக்கு அனுப்பக் கூடாது. பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாமதமாகும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி நொடி ஆகிறது. அந்தத் தாமதம் ஸ்பீக்கரை முப்பது மீட்டருக்கு அப்பால் வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். 2020-ல் ஏற்கப்பட்ட மிடி 2.0, தொடுதலின் 127 படிகளை 65,536 ஆக்குகிறது. கரிப்பொட்டில் உப்பு படிந்திருந்தால் அத்தனை படியும் வீண்.

ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் பெரிய கருவி வேண்டுமென்றால் வாடகை இருக்கிறது. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-ல் மறைந்த பின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நாளை ஓட்டியது. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஏ.ஆர்.ரகுமான். பலர் ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பழக்கம் தீவு ஊர்களுக்கு இன்றும் பொருந்தும்.

வாங்குவது என்று முடிவானால், வாங்கிய நாளே பாதுகாப்பும் தொடங்க வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் நீர் குடித்து நிறைந்துவிட்டன என்று அர்த்தம். சூடாக்கினால் நீரை விட்டு மறுபடி நீலமாகும், ஆனால் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. மழை நாளில் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதாகும். கடற்பக்க ஜன்னலை ஒட்டி மேசை போடவே வேண்டாம்.

கடையில் விற்பவர் தானாக ஓடும் டெமோ பாட்டைப் போட்டுக் காட்டுவார். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தையைத் தொடுவதைப் போல மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பிறகு ரப்பர் பட்டை தனியாகக் கிடைக்குமா, ராமநாதபுரத்திலோ மதுரையிலோ யார் மாற்றித் தருவார்கள் என்று கேட்கலாம்.