படகுக்குக் காத்திருந்த நேரமும் கணக்கில் வரும்

நெடுந்தீவில் ஒரு முன்பள்ளியில் பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். 2014 இல் ஒரு விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தது. அதில் ‘கல்வித் தகைமை’ என்ற இடத்தில் ‘சாதாரண தரம்’ என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. 1990 இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது என் உயர்தரப் படிப்பும் நின்றுபோனது. திரும்பி வந்தபோது வயதும் போய்விட்டது, பொறுப்பும் கூடிவிட்டது. பயிற்சிச் சான்றிதழோடு யாராவது வந்தால் என் இடம் போய்விடும் என்ற பயம் அன்று முதல் மனதில் இருந்தது.

இப்படிப் படிப்பை இடைநடுவில் விட்ட சகோதரிகள் எங்கள் தீவுகளில் பலர். வகுப்புக்குப் போகாமலே படித்து, அந்தப் படிப்புக்கு உரிய கணக்கையும் பெற வழி இருக்கிறது. அதை அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இது புதிய வழி அல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரியாகப் பரீட்சை எழுதும் வழியைத் திறந்தது. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அங்கு படித்தவர்களும் இலண்டன் பட்டத்துக்கே பரீட்சை எழுதினார்கள். பிரித்தானியாவில் 1969 இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் உருவானது. நாவலையில் தலைமையகமும் யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உள்ளன. அச்சிட்ட பாடப் புத்தகங்களை வைத்து வீட்டிலிருந்தே படிக்கலாம். உயர்தரம் சித்தியடையாதவர்கள் கீழ் மட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே போகவும் இடமுண்டு. நான் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்க் கற்கைநெறிக்குப் பதிந்தேன்.

“இந்த வயசில உனக்கென்ன சோதினை, பிள்ளை?” என்று மாமி கேட்டா. அப்போது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ‘கிறெடிட்’ என்றால் என்னவென்று விளங்கிய பிறகுதான் மறுமொழி கிடைத்தது.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் 2012 இல் வந்தது. அதன்படி ஒரு கிறெடிட் என்பது மாணவர் ஒருவர் ஏறத்தாழ 50 மணித்தியாலம் செய்யும் கற்றல் வேலை. வகுப்பில் இருப்பது மட்டும் வேலை அல்ல. புத்தகம் வாசிப்பது, குறிப்பு எடுப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் மணித்தியாலம் போனால் மட்டும் போதாது. பாடத்தில் சித்தியடைந்தால்தான் கிறெடிட் நம் பெயரில் பதியப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிறெடிட் உள்ள டிப்ளோமாவுக்கு 1500 மணித்தியாலம் வேண்டும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் படித்தால் 750 நாள், அதாவது இரண்டு வருடத்துக்குச் சற்றுக் கூட. பொதுப்பட்டத்துக்கு 90 கிறெடிட். அதே வேகத்தில் ஆறு வருடத்துக்கு மேல் எடுக்கும். நீண்ட காலம்தான். ஆனால் அந்த ஆறு வருடம் நாம் படித்தாலும் படிக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. மாமிக்கு நான் சொன்ன மறுமொழி அதுதான்.

பிள்ளைகள் எழும்ப முன் ஒரு மணித்தியாலம், இரவு சமையல் முடிந்து ஒரு மணித்தியாலம் என்று பிரித்துக்கொண்டேன். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்த நேரத்திலும் புத்தகம் மடியில் இருந்தது. முன்பள்ளியில் நான் நாளும் பார்த்த பிள்ளைகளின் விளையாட்டையும் பிடிவாதத்தையும் ஒப்படையில் எழுத முடிந்தது. எனக்குத் தெரிந்திருந்ததற்குப் பெயர் இருப்பதைப் புத்தகத்தில் கண்டபோது ஒரு சந்தோஷம்.

ஆனால் வீட்டிலிருந்து படிப்பது என்றால் வீட்டை விட்டு அசையவே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பரீட்சைக்கும் சில செயன்முறை வகுப்புகளுக்கும் குறித்த நாளில் போயே ஆகவேண்டும். ஊர்காவற்றுறை, புங்குடுதீவுச் சகோதரிகளுக்குத் தரைவழி உண்டு. நயினாதீவாருக்குக் குறுகிய கடல். எங்களுக்கோ ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல். ஒரு கார்த்திகை மாதம் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. பரீட்சை நாள் முழுவதும் இறங்குதுறையில் நின்று அழுதேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. முன்பு சித்தியடைந்த பாடங்கள் அப்படியே இருந்தன. தவறவிட்ட ஒன்றை அடுத்த முறை எழுதினேன். அந்த முறை இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். பாடம் பாடமாகச் சேர்க்கும் முறையின் நன்மை அன்றுதான் விளங்கியது. இடையில் ஒருநாள் தவறினால் முழுப்படிப்பும் போய்விடாது.

புத்தகப் படிப்பு ஒத்துவராத சகோதரிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. வருடக்கணக்காகத் தையல், சமையல், அழகுக்கலை செய்து வருபவர்கள் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ மூலம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். பயிற்சி வகுப்பில் இருந்திருக்க வேண்டியதில்லை. செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். இந்தத் தகைமையில் ஏழு மட்டங்கள். 5 உம் 6 உம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டத்துக்குச் சமம். உங்கள் தொழிலுக்கு மதிப்பீடு எங்கே நடக்கிறது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எங்கு பதிவதானாலும் பணம் கட்ட முன் இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: இது தமிழில் நடக்கிறதா? எத்தனை கிறெடிட்? கட்டாயம் வரவேண்டிய நாட்கள் எவை? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும்? பரீட்சைக்கு வரமுடியாமற் போனால் என்ன செய்வது? முன்பு வேறிடத்தில் படித்தது கணக்கில் சேருமா? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம். இடப்பெயர்வில் பழைய சான்றிதழைத் தொலைத்தவர்கள், பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை உறுதிப்படுத்தி எடுக்கலாம்.

அண்மையில் இன்னொரு படிவம் நிரப்பினேன். கல்வித் தகைமைக்கு விட்டிருந்த இடத்தில் இரண்டாவது வரியும் எழுதினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்துப் பார்த்தா. பிறகு, “மச்சாளின்ரை பெட்டையும் படிப்பை விட்டிட்டு நிக்கிறாள், அவளுக்கும் ஒருக்கால் சொல்லு” என்றா.