நட்டதோடு வேலை முடியவில்லை

“கடைசிக் கன்னு நட்டாச்சு, மம்பட்டியைத் தூக்குடா!”

மறுநடவு முடிகிற நாளில் இந்தக் குரலைக் கேட்காதவர்கள் நம்மில் உண்டா? ஆனால், அன்றைக்குத்தான் முக்கியமான வேலை பாக்கி இருக்கிறது, தோழர்களே.

ஏக்கருக்குச் சுமார் 55 முதல் 60 செம்பனைக் கன்றுகள் நடுகிறோம். சில பட்டுப்போகும், சிலவற்றைப் பன்றியும் முள்ளம்பன்றியும் தின்றுவிடும். அங்கே உடனே மாற்றுக் கன்று வைத்தால் நிரை நிறையும். இரண்டு வருடம் கழித்து வைத்தால், பக்கத்து மரங்களின் நிழலில் சவலையாகவே நிற்கும். ஒருமுறை நட்டால் சுமார் 25 வருடம் பலன் எடுக்கிற மரம் இது. இன்றைக்கு விட்ட வெற்றிடம் அத்தனை காலமும் வெற்றிடம்தான். பின்னால் குலை வெட்டுகிறவருக்கு அதில் கூலி ஏது?

அடுத்தது கணக்கு. தண்டலோடு நிரை நிரையாக நடந்து கன்றுகளை எண்ண வேண்டும். எண்ணிக்கையைத் தேதி போட்டு எழுதி, இரு பக்கமும் கையெழுத்து வாங்க வேண்டும். எண்ணாமல் வீட்டுக்கு வந்துவிட்டால், கன்று பட்டபிறகு, “நீங்க நட்டதே இவ்வளவுதான்” என்பார்கள். அப்போது வாயடைத்து நிற்பது நாம்தான்!

சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் கூலி கைக்கு வர வேண்டும் என்கிறது, தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஆனால் எத்தனை கன்றுக்குக் கூலி? அதைச் சொல்வது நம் கையில் இருக்கும் சீட்டு.

வாங்கிய சாமான்களையும் எண்ணி ஒப்படைத்துவிடுவோம். பேருக்குப் பேரும் நிற்கும். கூலிக்குக் கூலியும் நிற்கும்.