அனுப்புநர் முகவரியை எழுதுவது யார்?

கடிதத்தில் பெறுநர் முகவரி இல்லாவிட்டால் அது போய்ச் சேராது. அனுப்புநர் முகவரி தவறாக இருந்தால் பதில் வந்து சேராது. கணிப்பொறிகளின் கடிதப் போக்குவரத்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கின்றன. 1981-இல் வகுக்கப்பட்டு இன்றும் வழங்கிவரும் நான்காம் பதிப்பு விதிகளின்படி, பொட்டலத் தலைப்பின் 13 முதல் 16 வரையுள்ள பைட்டுகளில் அனுப்புநர் முகவரியும், அடுத்த நான்கில் பெறுநர் முகவரியும் இடம்பெறும். பெறுநர் யார் என்பதை நிரல் கூறிவிடும். அனுப்புநர் முகவரியை எழுதுவது யார்?

பெரும்பாலும் இயங்குதளமே. அது வழித்தட அட்டவணையைப் பார்த்து, செய்தி எந்த வாயில் வழியே வெளியேற வேண்டும் எனத் தீர்மானிக்கிறது. பின்னர் அந்த வாயிலுக்குரிய முகவரியை எழுதிவிடுகிறது.

இரண்டு முகவரி இருந்தால்?

ஒரு கணிப்பொறிக்கு 192.0.2.10, 198.51.100.7 என இரு முகவரிகள் உள்ளன என்று கொள்வோம். தொலைவிலுள்ள வங்கிக் கணிப்பொறியோ இரண்டாவது முகவரியிலிருந்து வருபவற்றை மட்டுமே ஏற்கும். இயங்குதளம் முதலாவதை எழுதிவிட்டால் கதவு திறக்காது. நிரலில் பிழையில்லை, பெறுநர் முகவரியும் சரியே. ஆயினும் இணைப்புக் கிட்டுவதில்லை!

இதற்கு வழி உண்டு. 1983-இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'சாக்கெட்' முறை அறிமுகமாயிற்று. 'கனெக்ட்' என்னும் ஆணை இணைப்பை ஏற்படுத்தும். அதற்கு முன்பே 'பைண்ட்' என்னும் ஆணையால் நாம் விரும்பும் முகவரியைச் சாக்கெட்டில் பதித்துவிடலாம். துறை எண்ணைச் சுழியம் எனக் கொடுத்தால், காலியான எண் ஒன்றை இயங்குதளமே தேர்ந்து கொள்ளும்.

ஒன்றை மறவாதீர்கள். முகவரியை மாற்றியதால் மட்டும் வழி மாறிவிடாது. செய்தி பழைய வாயிலிலேயே வெளியேறக்கூடும். ஆகவே வழித்தட விதிகளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

பொய் முகவரி எழுதலாமா?

தனக்கு உரியதல்லாத முகவரியைப் 'பைண்ட்' ஆணையில் கொடுத்தால் இயங்குதளம் பொதுவாக மறுத்துவிடும். தனி உரிமை பெற்றவர் பொட்டலத்தைத் தாமே உருவாக்கிப் பொய் முகவரி எழுத முடியும். ஆனால் டி.சி.பி. முறையில் இரு தரப்பும் முதலில் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும். பதில் வேறெங்கோ போய்விடுவதால் இணைப்பு நிறைவேறாது.

யூ.டி.பி. முறையில் இந்தக் காப்பு இல்லை. பிறர் முகவரியிட்டுச் சிறு கேள்விகளைப் பல கணிப்பொறிகளுக்கு அனுப்பினால், பெரும் பதில்கள் வெள்ளமெனப் பாய்ந்து அப்பாவியை மூழ்கடிக்கும். இதைத் தடுக்க, வாடிக்கையாளரின் அனுப்புநர் முகவரியைச் சேவை நிறுவனங்கள் தம் எல்லையிலேயே சரிபார்க்க வேண்டும் என 2000-ஆம் ஆண்டு மே மாதம் பரிந்துரைக்கப்பட்டது. எல்லா நிறுவனங்களும் இன்னும் இதைப் பின்பற்றவில்லை என்பதே குறை.

விண்டோஸ் கணிப்பொறி கிடைத்தால், கட்டளைத் திரையில் 'நெட்ஸ்டாட்' என்னும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் தெரிவது உங்கள் கணிப்பொறியின் முகவரி. அடுத்துத் தெரிவது எதிர்முனையின் முகவரி. உங்கள் கணிப்பொறி எந்தப் பெயரில் கடிதம் எழுதுகிறது என்பதை நீங்களே கண்டறியலாம்!