பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ், அதிலேயே டெலிபோன்
கடைக்காரர் தாமே நிறுவிக்கொள்ளும் முறை

டிரங்க் கால் புக் செய்துவிட்டு மண்டியில் காத்திருந்த காலம் நம் மூத்த வணிகர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். விருதுநகர் பருப்பு விலையும் போடி ஏலக்காய் விலையும் தெரிய வேண்டுமானால் லைன் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரம் என்றால் அர்ஜென்ட் கால், இரட்டைக் கட்டணம். அதைவிட அவசரம் என்றால் லைட்னிங் கால், எட்டு மடங்கு. பிறகு எஸ்.டி.டி. வந்தது. இரவில் கால் பங்கு கட்டணம் என்பதற்காகப் பூத் வாசலில் வரிசையில் நின்றோம். இன்று செல்போன் உள்ள எவருக்கும் பேச்சுக்கென்று தனிச் செலவு இல்லை. அப்படியிருக்கக் கம்ப்யூட்டரில் எதற்காகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

காரணம் இரண்டு. முதலாவது, செல்போன் கடையினுடையதல்ல, ஆளினுடையது. முதலாளி கொள்முதலுக்கு ஒட்டன்சத்திரம் போனால் போனும் கூடவே போய்விடுகிறது. கணக்குப்பிள்ளை வேலையை விட்டால் வாடிக்கையாளர்களின் நம்பர்களும் அவரோடு போய்விடுகின்றன. கடை, குடோன், வீடு மூன்றுக்கும் இடையே நிலையாக ஓர் இணைப்பு இருப்பது நல்லது.

இரண்டாவது, விண்டோஸ் 10-க்குப் பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நம் கடைகளில் உள்ள பல பழைய கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

மேலூர் தந்த பாடம்

கம்ப்யூட்டர் வழியே பேசுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அதன் வழியே டெலிபோன் பேச்சுக்கு அரசு அனுமதி தந்தது 2002 ஏப்ரல் 1 முதல்தான். அதற்குச் சற்று முன்பே, 2001-இல், திருச்சி சாலையில் உள்ள நம் மேலூரைச் சுற்றிய கிராமங்களில் 'சஸ்டெய்னபிள் ஆக்சஸ் இன் ரூரல் இந்தியா' என்ற திட்டத்தின்கீழ் இன்டர்நெட் நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் ஒரே இணைப்பில் டெலிபோனையும் இன்டர்நெட்டையும் கொண்டுவந்தது. வேகம் வினாடிக்கு 35 முதல் 70 கிலோபிட். இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லை. அந்த வேகத்திலும் கண்ணை வெப்கேமராவில் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள்.

இந்த நிலையங்களில் பலவற்றை நடத்தியவர்கள் நம்மைப் போல் சொந்தப் பணம் போட்ட சிறு முதலீட்டாளர்கள். ஒரு நிலையத்துக்குச் சுமார் 50,000 ரூபாய் ஆனது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்கள்: வரவு செலவைத் தாங்கவில்லை; பழுது வந்தபோது உதவி போதவில்லை. நல்ல பயிற்சி பெற்றவர்கள் நடத்திய நிலையங்கள் மற்றவற்றைவிட அதிக காலம் தாங்கின. இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். நிறுவுவது ஒரு நாள் வேலை. நின்றுபோகும் நாளில் சரிசெய்யத் தெரிந்தவர் கடைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

லினக்ஸ் என்பது என்ன?

1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்த இயக்க மென்பொருள் இது. விலை கிடையாது, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. குறைந்தது 2 ஜி.பி. ராம் வேண்டும், 4 ஜி.பி. இருந்தால் சௌகரியம். ஓர் எச்சரிக்கை: டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. ஆகவே பில் போடும் கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள். ஓரமாகக் கிடக்கும் பழையதை எடுங்கள். அதில் உள்ள பற்று வரவுக் கணக்குகளை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

படிப்படியாக

1. லினக்ஸ் மின்ட்டை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுமார் 3 ஜி.பி. அளவு இருக்கும்.

2. பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், மைக் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டியதில்லை.

3. நிறுவியபின் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' பகுதியைத் திறந்து 'லின்போன்' என்று தேடி, 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்துங்கள். 2001 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் இது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும்.

4. கடைக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று, உங்கள் செல்போனுக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்குத் தொடங்குங்கள். முகவரி ஈமெயில் போலவே இருக்கும். ஆளின் பெயரில் வேண்டாம், கடையின் பெயரில் இருக்கட்டும்.

5. கடையிலிருந்து குடோனுக்குப் பேசிப் பாருங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 80 எம்.பி. டேட்டா போனால் அதிகம்.

பலர் சேர்ந்து பேச வேண்டுமானால் 'ஜிட்சி மீட்' உதவும். அதற்கு எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரே போதும். கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் தம் கணக்கில் நுழைய வேண்டும்.

சத்தம் வரவில்லையா?

அநேகமாகக் கோளாறு மென்பொருளில் இருக்காது. ஒலி அமைப்பைத் திறந்து, மைக் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு ஸ்பீக்கருக்குப் போகாமல் மானிட்டருக்குப் போகிறதா என்றும் பாருங்கள். யு.எஸ்.பி. ஹெட்செட் வாங்கினால் தொல்லை குறைவு. நம் குரலே எதிரொலித்தால் எதிர்முனையில் ஸ்பீக்கர் திறந்திருக்கிறது என்று பொருள். அவரையும் ஹெட்செட் மாட்டச் சொல்லுங்கள். பேச்சு விட்டு விட்டு வந்தால் வைஃபைக்குப் பதில் ரூட்டரிலிருந்து நேராக வயர் இழுங்கள். கரன்ட் போனால் பழைய லேண்ட்லைன் வேலை செய்தது; இது செய்யாது. ரூட்டருக்கும் சேர்த்து யு.பி.எஸ். வையுங்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பலாமா?

2003-இல் வந்த ஸ்கைப்பை உலகமே பயன்படுத்தியது. 2025 மே 5-இல் அதை மூடிவிட்டார்கள். அதையே நம்பியிருந்தவர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. லின்போன் பயன்படுத்துவது 'சிப்' எனப்படும் பொது விதிமுறை. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறிய காலத்தில் நம் முன்னோர் பட்ட பாடு தெரியும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாகக் கிலோ எங்கும் கிலோ என்றானது. சிப் முறையும் அப்படித்தான். இந்த மென்பொருள் பிடிக்காவிட்டால் அதே விதிமுறையில் இயங்கும் வேறொன்றுக்குப் போகலாம்.

சட்டத்தை மீற வேண்டாம்

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கோ செல்போன் செயலிக்கோ பேசத் தடையில்லை. இலவச லின்போன் கணக்கிலிருந்து சாதாரண டெலிபோன் நம்பருக்குப் பேச முடியாது. 112 அவசர உதவிக்கும் இதை நம்பாதீர்கள். வெளிநாட்டு இன்டர்நெட் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றித் தரும் 'சிம் பாக்ஸ்' பெட்டியை உங்கள் மாடியில் வைத்துக்கொள்ள மாத வாடகை தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது குற்றம். போலீஸ் தேடி வருவது இடம் கொடுத்தவரையும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேற்சொன்ன 5 படிகளையும் கணக்கு முகவரிகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் அருகே மாட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் கல்லாப்பெட்டிக்குள் பூட்டுங்கள். கடையில் ஒருவர் அல்ல, இருவர் கற்றுக்கொள்ளுங்கள். நம் சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து சேர்ந்தே நிறுவிப் பார்க்கலாம். முதலில் கற்றவர் பக்கத்துக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தால், மேலூர் நிலையங்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராது.